இருபத்திரண்டாவது கிலோமீட்டரில் ஒரு கம்பி

காலை ஏழு பத்து. போன் அலறியது.

சார்ஜன்ட் ஜனைன் கெல்சோ டோஸ்ட்டைக் கடித்த வாயோடு எடுத்தாள்.

"சார்ஜன்ட்... நெவில் பேசறேன். ரயில் பாதையில... ராஸ்லின்..."

"ராஸ்லினுக்கு என்ன?"

"கழுத்துல கம்பி... மூச்சு இல்ல..."

டோஸ்ட் தட்டிலேயே கிடந்தது.

வரின்டா ஊருக்குக் கடைசி ரயில் வந்து நாற்பது வருஷம் ஆகிறது. தண்டவாளத்தைப் பிடுங்கி, சரளை கொட்டி, சைக்கிள்காரர்களுக்கும் நடக்கிறவர்களுக்கும் பாதையாக்கியவள் ராஸ்லின் டேய்ட். பதினெட்டு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி வாங்கிய பாதை.

அந்தப் பாதையில்தான் இப்போது போர்வை மூடிக் கிடந்தாள்.

இருபத்திரண்டாவது கிலோமீட்டர். இரண்டு வேலிக் கம்பத்துக்கு நடுவே, கழுத்து உயரத்தில், வேலிக் கம்பி. சைக்கிள் பத்தடி தள்ளிப் புதரில் கிடந்தது.

விவாகரத்துக்கு அப்புறம் வீட்டைவிட்டே வராமல் கிடந்த ஜனைனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, ஒவ்வொரு ஞாயிறும் இதே பாதையில் நடக்க வைத்தவள் ராஸ்லின்.

"க்ளைவ்தான்!" நெவில் பிராஃபி அழுதுகொண்டே சொன்னான். பாதைக் குழுவின் தலைவன். "ஊர்க் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொன்னானே... கம்பி கட்டுவேன்னு. இன்னிக்கு மூணு மணிக்குக் கவுன்சில்ல அவன் மனு வருது. பாதையை மூடி நிலத்தைப் பண்ணைக்காரங்களுக்கே திருப்பிக் கொடுக்கணும்னு."

"தெரியும் நெவில். சாட்சி வேணும்."

சாட்சிக்கு எங்கே போவது? சரளையில் கால் தடம் பதியாது. கம்பியோ ஊரில் எல்லார் ஷெட்டிலும் சுருள் சுருளாகக் கிடப்பது. கைரேகைக்காரர்கள் மெல்போர்னிலிருந்து பன்னிரண்டு மணிக்குத்தான் வருவார்கள்.

ஊர் கவுன்சில் அதிகாரியிடமிருந்து போன் வேறு.

"சார்ஜன்ட், இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மூணு மணிக்குள்ள யாருன்னு தெரியலன்னா பாதையை நிரந்தரமா மூடிடறதுதான் பாதுகாப்பு."

"அவ செத்ததே இந்தப் பாதைக்காகத்தான் சார்..."

"எனக்கும் வருத்தம்தான்."

போனை வைத்துவிட்டான். ஜனைனுக்கு வந்த ஆத்திரத்தில் போனையே விட்டெறியலாம்போல் இருந்தது.

அந்த நேரம் பார்த்து... 'சர்ர்க்!'

மரத்திலிருந்து ஒரு மேக்பை பாய்ந்து அவள் காதோரம் கொத்திவிட்டுப் போனது. காக்கை அளவு, கறுப்பும் வெள்ளையுமாக. வசந்தம் வந்தால் குஞ்சைக் காக்கிறேன் பேர்வழி என்று போகிற வருகிற தலையெல்லாம் பதம் பார்க்கும்.

"சனியன்," என்றாள். காதில் ரத்தம். "இது ஒண்ணுதான் பாக்கி."

க்ளைவ் மெரிக் பண்ணை வாசலிலேயே நின்றான். அறுபத்தெட்டு வயது. வேலியில் பெரிய போர்டு. 'பாதை வேண்டாம். நிலம் எங்களுடையது.'

"நான் கட்டல," என்றான், அவள் கேட்கும் முன்பே.

"கட்டுவேன்னு சொன்னீங்களே."

"வாய்தான்மா சொல்லிச்சு. பதினோரு வருஷமா அந்தப் பாதையில நான் கால் வெச்சதே இல்ல. பப்புல குடிக்கிறவங்க யாரை வேணா கேளு."

"காலையில ஆறரைக்கு எங்க இருந்தீங்க?"

"...மாட்டுக்கிட்ட."

"யார் பாத்தாங்க?"

"மாடுதான் பாத்துச்சு."

"கிண்டலா? ராஸ்லின் செத்துக் கிடக்கறா, க்ளைவ்."

அவன் முகம் வெளுத்தது. ஆனாலும் மாட்டுக்கிட்ட என்பதையே திரும்பச் சொன்னான். அரைமணி நேரம் கேட்டாள். அதட்டினாள். கெஞ்சினாள். சுவரில் முட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

"சரி, வாங்க. அந்த இடத்துல நின்னு இதையே சொல்லுங்க."

பண்ணைக் கேட்டைத் தாண்டினால் பாதை. தாண்டியதும் அந்த மரம். போலீஸ் டேப்புக்கு இந்தப் பக்கம் நெவில் காத்திருந்தான். க்ளைவைப் பார்த்ததும் பாய்ந்து வந்தான்.

"கொலைகாரப் பயலே..."

'சர்ர்க்!' மேக்பை நெவிலின் ஹெல்மெட்டில் இறங்கியது. திரும்பி வந்து ஜனைனைத் துரத்தியது. அவள் தலையைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தாள்.

மறுபடி பாய்ந்தது. நெவில். மறுபடி. ஜனைன்.

க்ளைவ் தொப்பிகூட இல்லாமல் வழுக்கைத் தலையோடு நடுப்பாதையில் நின்றான். பறவை அவன் பக்கமே போகவில்லை. தாழ்வான கிளையில் உட்கார்ந்து அவனைப் பார்த்துக் கொஞ்சலாக ஒரு குரல் கொடுத்தது.

ஜனைன் மெதுவாக நிமிர்ந்தாள்.

"க்ளைவ்..."

"என்ன?"

"தினம் பாக்கற முகத்தை மட்டும்தான் இது விட்டுவைக்கும். இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும். பதினோரு வருஷமா கால் வெக்கல?"

க்ளைவின் காது சிவந்தது.

"பாத்தியா? பொய் சொல்லிருக்கான்!" நெவில் கத்தினான்.

"சும்மா இரு நெவில். சொல்லுங்க க்ளைவ்."

"டாக்டர்தான்..." க்ளைவ் தரையைப் பார்த்தான். "இதயத்துல அடைப்பு. தினம் மூணு கிலோமீட்டர் நட, மேடு பள்ளம் கூடாதுன்னாரு. இந்த வட்டாரத்துல மேடு பள்ளம் இல்லாம வேற எது இருக்கு? ரெண்டு வருஷமா நடக்கறேன். விடிஞ்சும் விடியாம. யாராவது வந்தா முள்ளுப் புதருக்குள்ள போயிடுவேன்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கும்தான்."

"யாரைப் பாத்து ஒளிஞ்சீங்க?"

அவன் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது. விரல் நெவிலைக் காட்டியது.

"இவனை. கம்பத்துல என்னமோ கட்டிட்டிருந்தான். போர்டு மாட்டறான்னு நெனச்சேன். நான் அப்பவே வெளிய வந்து என்னடா பண்றேன்னு கேட்டிருந்தா... அவ இருந்திருப்பா."

நெவில் சரளையில் அப்படியே உட்கார்ந்தான்.

"அவளுக்கு எதுவும் ஆகும்னு நெனக்கல, ஜனைன். சத்தியமா."

"கட்டுனது நீதானா?"

"இவன் மேல பழி வரணும்னுதான். நானே கட்டி, நானே கண்டுபிடிச்சு, பேப்பர்காரனுக்குச் சொல்லிட்டா இவன் மனுவைத் தூக்கிக் குப்பையில போடுவாங்க. எல்லாரும் பேக்கரியில காபி குடிச்சிட்டு ஊர்ப் பக்கத்துல இருந்துதானே கிளம்புவாங்க? அந்தப் பக்கம் ஏத்தம். மூச்சு வாங்க, மெதுவா வருவாங்க. கம்பி கண்ணுல பட்டுடும்னு..."

ரயில் பாதை ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது. காலுக்குத்தான் தெரியும்.

"ராஸ்லினுக்கு முழங்கால் வலின்னு உனக்குத் தெரியாதா?" ஜனைனின் குரல் உடைந்தது. "ஒரு மாசமா அவ புருஷன் கார்ல மேல் முனைக்குக் கொண்டுபோய் இறக்கி விடறார். மேலேர்ந்து மிதிக்காம வருவா. பறந்து வருவா. தலைவர்னா கூட்டத்துக்கு மட்டும் வந்தாப் போதுமா? பாதைக்கும் வந்திருக்கணும்."

"பேப்பர்காரனுக்குப் போன் பண்ண, சிக்னல் தேடி ரோட்டுக் கேட் வரைக்கும் போனேன். அஞ்சு நிமிஷம்தான்... அதுக்குள்ள அவ வந்துட்டா."

ஜனைன் அவன் கையில் விலங்கை மாட்டினாள்.

நெவிலை வண்டியில் ஏற்றிவிட்டு நோட்டோடு க்ளைவிடம் வந்தாள்.

"உங்க வாக்குமூலம் வேணும். ரெண்டு வருஷமா தினமும் இந்தப் பாதையில நடக்கறீங்கங்கறதுல இருந்து."

"அது எதுக்கும்மா? அவனைப் பாத்தேன்னு மட்டும் எழுதேன்."

"எங்க நின்னு பாத்தீங்கன்னு கேப்பாங்களே."

"யார் கேப்பாங்க?"

"கோர்ட்டு அப்புறம். மூணு மணிக்குக் கவுன்சில்ல நான் இதைப் படிச்சாகணும். பாதையை மூடணும்னு நீங்க கொடுத்த மனு வர்ற அதே கூட்டம். ஊரே இருக்கும்."

"பப்புக்காரனுங்களும் வருவானுங்களா?"

"முதல் வரிசையில."

க்ளைவ் இரண்டு கையையும் ஒன்றாகச் சேர்த்து அவள் முன்னால் நீட்டினான்.

"பேசாம கொலை நான்தான் பண்ணேன்னு எழுதிக்கோம்மா... ஊர்ல மரியாதையாவது மிஞ்சும்."