பத்துக்கு ஒன்பது

செவ்வாயின் நான்காம் குடியிருப்பில் பெண் பார்க்க வருகிறவர்கள் பூவும் பழமும் கொண்டு வருவதில்லை. ஊசி கொண்டு வருவார்கள். பெண்ணிடம் ஒரு சொட்டு ரத்தம், பிள்ளையிடம் ஒரு சொட்டு. சுவரில் பதித்த 'பொருத்தன்' என்னும் இயந்திரம் இரண்டையும் நக்கிப் பார்த்துவிட்டுப் பத்துக்கு எத்தனை என்று சொல்லும். அப்புறம்தான் பஜ்ஜி.

இதற்கு அணு ஜாதகம் என்று பெயர். கட்டம் போட்ட பழைய ஜாதகத்தை மூடநம்பிக்கை என்று பூமியிலேயே விட்டுவிட்டு வந்த அறிவாளிகள் இவர்கள்.

டாக்டர் உமையாளுக்கு இந்த ஜனங்களைக் கண்டாலே குமட்டியது. அவர் நடத்திய மருந்துச் சோதனைக்கு நாற்பது பேர் வேண்டும். ஏழு மாதத்தில் வந்தவர்கள் பதினொரு பேர். நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை, குடியிருப்பின் இன்சுலின் கிடங்கு மாதா மாதம் காலியாகிக்கொண்டுதான் இருந்தது. முகத்தை மூடிக்கொண்டு, பொய்ப் பெயர் சொல்லி வாங்கிப் போனார்கள்.

நோய் இதுதான்: உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களில் ஒரு கூட்டம் புத்தி கெட்டுப்போய், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அந்நியர் என்று நினைத்துக் கொன்று தீர்க்கும். நோய் தெரியவரும் நாளிலும் கொஞ்சம் செல்கள் மிஞ்சியிருக்கும். உமையாளின் 'அமைதி ஊசி' அந்தக் கூட்டத்தை மட்டும் அடக்கி மிச்சத்தைக் காப்பாற்றுமா என்பதே சோதனை. நோய் தெரிந்த நூறு நாளுக்குள் வந்துவிட வேண்டும். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு உப்புநீர். யாருக்கு எது என்பது முடிவுவரை டாக்டருக்கே தெரியாது. சோதனையில் சேர்ந்தால் அணு ஜாதகத்தில் ஏறிவிடும். ஏறியதை அழிக்க முடியாது.

நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் ஆவுடை தன்னுடைய தொண்ணூற்றேழாவது நாளில் வந்தாள். பின்னாலேயே அவள் அம்மா பிரமு மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"டாக்டரம்மா, இவ பேச்சக் கேக்காதீங்க. ஜாதகத்துல ஏறிடுச்சுன்னா எவன் வருவான்?"

"இத்தன நாளா எப்படி மறைச்சீங்க?"

ஆவுடைதான் சொன்னாள்: "தினமும் தங்கச்சி விரல்ல குத்தி, அந்த ரத்தத்த என் கையில இருக்கிற கணிப்பான்ல வைப்பாங்க."

மணிக்கட்டில் பதித்த கணிப்பான் தினமும் சிவப்பாக மின்னி ஒரு சொட்டு கேட்கும், சர்க்கரையை மட்டும் பார்த்து ஜாதகத்தில் ஏற்றும். யார் ரத்தம் என்று கேட்காது.

உமையாளுக்கு வாயில் புளித்த எச்சில் ஊறியது. "தூ! நீங்கல்லாம் மனுஷங்களா? ஒரு பொண்ணக் குத்தி இன்னொரு பொண்ணச் சாகடிக்கிறீங்களே!"

"உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவீங்க. நாளைக்கு இவளக் கட்டிக்க யாரு வருவா?"

"எனக்கு ஒரு பையன் இருக்கான். அவனுக்கே இப்படி ஒரு பொண்ணு வந்தா, தாம்பூலத் தட்டோட நானே வந்து நிப்பேன்." டாக்டர் ஆவுடையின் பக்கம் திரும்பினார். "நீ கையெழுத்துப் போடும்மா. காலம் மாறிடுச்சு."

ஆவுடை அம்மாவைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு ஆண்டுகளில் முடிவு தெரிந்தது. ஆவுடைக்குக் கிடைத்தது மருந்துதான். பாதிக்கு மேல் செல்கள் பிழைத்திருந்தன. இன்சுலின் தேவைப்படவே இல்லை. 'ரத்தம் சுத்தம்' என்று சான்றிதழில் கையெழுத்திட்டபோது உமையாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை.

அடுத்த மாதம் அவருடைய மகன் இளவழுதி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நீர் நிலையத்துல ஆவுடைன்னு ஒரு பொண்ணும்மா. எனக்குப் பிடிச்சிருக்கு. அவ சொட்டு வாங்கிட்டு வந்திருக்கேன். நீங்க பாத்து என்ன சொல்றீங்களோ அதுதான்."

முப்பது வயது ஆண்பிள்ளை.

அவன் வேலைக்குப் போனதும் உமையாள் பொருத்தனின் முன்னால் நின்றார்.

"ஒன்பது பொருத்தம்," என்றது அது. "பத்தாவதில் ஒரு குறிப்பு. தன்னெதிர்ப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்றவர். சம்மதமா?"

"நல்ல பொண்ணுதான். இருந்தாலும், நாளைக்குப் பேரன் பேத்தின்னு ஒண்ணு இருக்குல்ல."

"குழந்தைகளுக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்று அறிக்கையில் எழுதியவர் நீங்கள்."

"அது அறிக்கை. இது வீடு. பொருத்தம் இல்லன்னு அனுப்பிடு."

இயந்திரத்துக்குக் குமட்டத் தெரியாது. ஆவுடையின் வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

சோதனையின் இரண்டாம் கட்டத்துக்கு நூறு பேர் வேண்டியிருந்தது. முதல் நாள் காலை உமையாள் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒருவரும் வரவில்லை. "சீச்சீ, இந்த ஜனங்களுக்கு எப்பத்தான் புத்தி வருமோ," என்று காறித் துப்பினார்.

அதே காலையில் பிரமுவின் வீட்டில் தங்கையின் கணிப்பான் சொட்டு கேட்டுச் சிவப்பாக மின்னியது. அவளுக்கு நோய் தெரிந்து மூன்றாவது நாள். ஆஸ்பத்திரிக்குப் போக இன்னும் தொண்ணூற்றேழு நாள் இருந்தது. பிரமு ஊசியை எடுத்துக்கொண்டு வந்து, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றாள்.

டாக்டரே சான்று கொடுத்த சுத்தமான ரத்தம் அந்த வீட்டில் ஒருத்தியிடம் இருந்தது. ஆவுடை விரலை நீட்டினாள்.