தலைவர் தண்ணீரில் இறங்கிய அமாவாசை

கற்பூரம் அணைத்தே சொல்லலாம்: இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய்யிருந்தால் சொன்ன நாக்கு அழுகட்டும். படித்த கண்ணுக்கு ஒரு குறையும் வராது.

சுதந்திர வெள்ளிவிழா வருடம், ஆடி மாதம். ஸ்ரீபெரும்புதூரில் சைக்கிள் கடை வைத்திருந்த மண்ணாங்கட்டி, பஞ்சர் ஒட்டுவதைவிடத் துப்பறிவதில்தான் தனக்குக் கைராசி என்று நம்பினான். ஓய்வுபெற்ற ஏட்டு தாமஸ் தினமும் டீ குடிக்க அவன் கடை ஸ்டூலைத் தேர்ந்தெடுத்தது அந்த நம்பிக்கையை வளர்த்திருந்தது. அங்கேதான் ஒரகடத்து அருள்மேரி ஓடி வந்தாள்.

“ஏட்டையா, எங்க ஊட்டுக்காரரு கொலை பண்ணலைங்க. தூக்குல போட்ருவாங்கன்றாங்க!”

அவள் புருஷன் சூசைராஜ், பர்மா தியாகிகள் வாரிசுச் சங்கத்தின் காவலாள். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பர்மாவில் மடிந்தவர்களின் பிள்ளைகளுக்கான சங்கம் அது. அப்பன் அங்கே செத்திருந்தால்தான் உள்ளே நாற்காலி. சுதந்திர தினத்தன்று அந்தப் பிள்ளைகளுக்குத் தாமிரப் பட்டயம் தருவதாக ஏற்பாடு.

போன வாரம் ஒரு கிழவர் சங்கத்து வாசலில் வந்து கத்தினார். தலைவர் கோதண்டராமன் கண்ணைக் காட்ட, சூசைராஜ் அவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினான். ஊரே பார்த்தது. மறுநாள் கிழவர் மண்டை உடைந்து செம்பரம்பாக்கம் ஏரியில் மிதந்தார். இன்னார் என்று அடையாளம் சொல்ல ஒருவரும் வரவில்லை. கழுத்தைப் பிடித்துத் தள்ளியவன் என்று போலீஸ் சூசைராஜைப் பிடித்துக்கொண்டு போனது.

“இன்னான்னு கத்துனாராம்?” என்றார் தாமஸ்.

“‘என் பட்டயத்த நானே வாங்கிக்கிறேன்’னு. பைத்தியம்னு நெனச்சிகினாரு இவரு.”

தாமஸ் மண்ணாங்கட்டியிடம் திரும்பினார். “நேத்து அமாவாசைக்கு ஏரிக்குப் போனியே, சங்கத்து ஆளுங்க வந்தாங்களா?”

“வராமயா? வருசா வருசம் அப்பன்மாருக்கு எள்ளும் தண்ணியும் இறைக்க வருவாங்க. தலைவரு மட்டும் கரையில கொடியப் புடிச்சிகினு நிப்பாரு. தியாகி புள்ளைக்குத் தண்ணின்னா பயமான்னு நாங்க கலாய்ப்போம். இந்த வருசம் கொடிய ஒருத்தன் கையில குடுத்துட்டு அவரும் எறங்கிட்டாரு. எள்ளு இறைச்சிகினே அழுதாரு பாரு, எனக்கே நெஞ்சு அடைச்சிக்கிச்சு!”

“நான் மாதா கோயிலுக்குப் போறவன், தெரியாமக் கேக்கறேன். அப்பன் உசுரோட இருக்கறவன் எள்ளு எடுப்பானா?”

“ஐயையோ! அப்பனுக்கு ஆவாது ஏட்டையா. மகா பாவம்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது மண்ணாங்கட்டிக்கு உறைத்தது. கடையை அப்படியே போட்டுவிட்டு, தலைவரின் சொந்தக்காரர் வீடுகளாகச் சைக்கிள் மிதித்தான். மணிமங்கலத்தில் தலைவரின் அத்தை பாப்பம்மாள் வீட்டில் வருடக்கணக்காக மாடு மேய்த்த கிழவர் ஒருவர் போன வாரத்திலிருந்து காணோம் என்ற சேதியோடு திரும்பினான்.

சங்கத்தில் எல்லோரும் தியாகிகளின் படங்களுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். அருள்மேரி கதவோரம் நின்றாள்.

“தலைவரே, உங்கப்பா வேதாசலம் எப்போ செத்தாரு?” என்றார் தாமஸ்.

“நாப்பத்தி நாலுல. ஊருக்கே தெரியும்.”

“அப்போ இத்தினி வருசம் எள்ளு இறைக்கல?”

“கொடி புடிக்க ஆளு வேணாமா?”

“இந்த வருசம் அடுத்தவன் புடிச்சானே, கொடி கீழயா வுழுந்திச்சு?” தாமஸ் குரலை உயர்த்தவில்லை. “அவரு பர்மாவுல சாவல. திரும்பி வந்தவர மணிமங்கலத்துல மாட்டோட கட்டி வெச்சீங்க. ஊருக்குப் பொய், சர்க்காருக்குப் பொய். எமனுக்குச் சொல்ல மட்டும் பயம். பட்டயம் வருதுன்னதும் அந்த மனுசன் அவுத்துகினு வந்துட்டாரு. ஏரியில கெடந்தது யாருன்னு போலீசுக்கே தெரியாது. உங்க கைக்கு மட்டும் எள்ளு எடுக்கற உரிமை எப்படி வந்திச்சு?”

கோதண்டராமன் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

“உசுரோட இருக்கற அப்பனுக்கு எள்ளு இறைக்கறது பாவம், ஏட்டு,” என்றார். “அந்தப் பாவத்த நான் ஒரு வருசம்கூடப் பண்ணல.”

கதவோரம் அருள்மேரி முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

அன்று காதில் விழுந்ததைச் சங்கத்தில் ஒருவரும் கோர்ட்டில் ஒப்புக்கொள்ளவில்லை; எள்ளு மட்டும் சாட்சியாகுமா? சூசைராஜ், கிழவரைக் கொன்ற குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்று, சிறையிலேயே செத்தான்.