கருமேட்டின் பசி

காலை ஆறு மணிக்கு விண்ணரசி மண்ணில் குப்புறப் படுத்து, காதைத் தரையில் வைத்து, "சாப்டீங்களா?" என்று கேட்டாள். அவள் காதுக்குள் பதித்திருந்த செவிச்சில்லு, எண்ணெய் தின்னும் நுண்ணுயிர்களின் மூச்சை ஒலியாக்கித் தரும். வயிறு நிறைந்திருந்தால் ரீங்காரம், பசித்தால் முனகல்.

பதினோரு வருடங்களுக்கு முன் குழாய் வெடித்து, கச்சா எண்ணெய் ஊரெல்லாம் ஊறியபோது, கருமேட்டு மக்களைக் கடல்மேல் மிதக்கும் முகாமுக்கு ஏற்றிவிட்டார்கள். மண் சுத்தமானதும் திரும்பலாம் என்பது வாக்கு. அதற்காகவே விண்ணரசி மண்காப்பு மையத்தின் ஒப்பந்தக் கூலியாகத் தனியே வந்தாள். ஆறு வருடம் மண்ணைக் கிளறிக் காற்றுவிட்டு, சாணக் கரைசலும் வெல்லப்பாகும் ஊற்றி அந்த உயிர்களை வளர்த்தாள்.

இன்று எங்கும் முனகல். எண்ணெய் தீர்ந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாக முகாமை அழைத்தாள்.

"அப்பா, முடிஞ்சுதுப்பா! மூட்டையக் கட்டுங்க."

"நெசமாத்தான் சொல்லுதியா புள்ள? ஒங்கம்மைக்குக் கேட்டுட்டு. வீடே இல்ல, பூட்டுச்சாவியத் தேடுதா!" சிரிக்கப்போன அப்பா மிக்கேலுக்கு இரைத்தது. நுரையீரல் இரண்டு மாதம் தாங்கினால் அதிகம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். "தரையில கால வச்சிட்டாப் போதும் எனக்கு."

அந்தப் பூரிப்பிலேயே அன்றைய அறிக்கையைப் பதிவு இயந்திரத்திடம் சொன்னாள். எண்களோடு நிறுத்தியிருக்கலாம். பசி என்று காதில் விழுந்தால் சும்மா இருக்கத் தெரியாத வளர்ப்பு. "பாவம், எல்லாம் பட்டினி கெடக்குதுங்க. ஏதாவது பாத்துச் செய்ங்க" என்றும் சேர்த்துவிட்டாள். இயந்திரம் அதை அப்படியே எழுதி மையத்துக்கு அனுப்பியது.

முகாமிலிருந்து பதினோரு வருடமாகப் போன மனுக்களுக்குப் பதிலே வந்ததில்லை. இதற்கு மூன்றே நாளில் வந்தது. கருமேடு இனி நுண்ணுயிர்ச் சரணாலயம். மனிதர் குடியேறத் தடை. உணவுக்கு வாரம் ஒரு லாரி கச்சா எண்ணெய்.

அப்பாவிடம் சொன்னாள். அவருக்கு இரைப்பு கூடியது.

"எந்தப் படுபாவி இப்பிடி எழுதிக் குடுத்தது?"

அவளுக்கு அழுகைதான் வந்தது.

"சரி, நீ அழாத. அம்மைட்ட நான் பைய சொல்லிக்கிடுதேன்."

வெளியே லாரி வந்து நின்றது. ஓட்டுநர் குழாயை இழுத்துக்கொண்டு வந்தான்.

"எங்கக்கா ஊத்தணும்?"

அதிகம் பசித்த இடத்துக்கு முதலில் என்றிருந்தது உத்தரவு. அது, அவர்கள் வீடு இருந்த இடம். அப்பா வந்து நிற்க வேண்டுமென்று, மற்ற எல்லா இடத்தையும்விட அங்கேதான் அவள் நன்றாகச் சுத்தம் செய்திருந்தாள்.

கையைக் காட்டினாள்.