நீலத் துணி கட்டிய போத்தல்

அம்மா இறந்து பதினாறாம் நாள் வந்துவிட்டது. கமலா இன்னும் வாய்விட்டு அழவில்லை. அழுகை வரும்போதெல்லாம் தம்பி வாசு வந்து, "அக்கா, பசிக்குது" என்று நிற்பான். நாலு வயதுப் பிள்ளைக்கு நேரம் காலம் எங்கே தெரியும்?

கமலாவின் தலையணைக்கு அடியில் ஒரு நீலத் துணி இருந்தது. அதை அவள் யாருக்கும் காட்டவில்லை.

அம்மா தன் பழைய சேலையிலிருந்து கிழித்த துண்டு அது. தரை கழுவும் மருந்துப் போத்தலின் கழுத்தில் அதைக் கட்டி வைத்திருந்தாள்.

தோட்டத்து லய வீடுகளில் இருந்த பெண்கள் சேர்ந்து கோல சிலாங்கூர் டவுனில் அந்த மருந்தைப் பெரிய டின்னாக வாங்கிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். கெட்டியான மருந்து, ரோஜா நிறம். அம்மா தன் பங்கைக் காலியான சிரப் போத்தலில் ஊற்றி வைப்பாள்.

"டின்னா வாங்குனா மலிவு லா. ஒரு வாளித் தண்ணிக்கு ஒரு மூடி போதும், கமலா. கூட ஊத்துனா வீடு ஒண்ணும் கூடுதலா பளபளக்காது. காசும் போயிரும், கையும் எரியும்" என்பாள்.

பிறகு துணியைக் கட்டி, போத்தலை அலமாரி உச்சியில் வைப்பாள். துணி கட்டியிருந்தால் தொடக்கூடாது. இது வாசுவுக்குக்கூட மனப்பாடம்.

அம்மா போன பிறகு ஒருநாள், கமலா நாற்காலி போட்டு ஏறி அந்தத் துணியை அவிழ்த்துக்கொண்டாள். வீடு கழுவிய பிறகு அம்மாவின் கைகளில் வரும் வாசனை அதில் இருந்தது. அதை முகர்ந்துகொண்டே படுத்தால் அம்மா பக்கத்தில் இருப்பதுபோல இருந்தது. போத்தலைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை.

இன்று காலையில், ஜெராமிலிருந்து வந்த நல்லம்மாள் அத்தை வீட்டைக் கழுவுவதற்காக அலமாரியில் இருந்ததையெல்லாம் கீழே இறக்கினாள். மதியம் அம்மாவின் படத்துக்கு முன்னால் படையல் போட்டார்கள். வாழை இலையில் சோறு, வடை, பாயசம் எல்லாம் இருந்தன. அம்மாவுக்கு ரோஸ் சிரப் என்றால் உயிர். அதனால் அப்பா சொல்ல, அத்தை அதையும் ஒரு தம்ளரில் கலந்து வைத்தாள்.

வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை. வேறு எந்த வாசனையும் தெரியவில்லை. அப்பா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்கக் கமலாவுக்கு மனம் தாங்கவில்லை.

"படைச்சாச்சு. முதல்ல சின்னவனுக்குக் கொடுப்போம்" என்று அத்தை தம்ளரை வாசுவிடம் நீட்டினாள்.

தம்ளரின் விளிம்பில் நுரை நின்றது.

சிரப் நுரைக்காதே என்று நினைத்ததும் கமலாவுக்குத் தான் துணியை அவிழ்த்த போத்தல் ஞாபகம் வந்தது. உண்மையைச் சொன்னால் துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? அதற்குள் வாசு வாயைத் திறந்துவிட்டான்.

அவள் பாய்ந்து தம்ளரைப் பறித்தாள். பாதி அவள் பாவாடையில் கொட்டியது.

"என்ன புள்ள இது? அம்மாவுக்குப் படைச்சதப் போய் தட்டி விடுறியே" என்றாள் அத்தை.

"அது சிரப் இல்ல அத்தை. தரை கழுவுற மருந்து."

"போத்தல்ல சிரப் தாளுதானே ஒட்டியிருக்கு? மருந்துன்னா அண்ணி துணி கட்டியில்ல வைப்பாங்க?"

கமலா தலையைக் குனிந்தாள். "துணிய நான்தான் எடுத்துட்டேன். அம்மா வாசனை அதுலதான் இருந்துச்சு."

அவ்வளவுதான், இத்தனை நாள் அழாத அழுகையெல்லாம் சேர்ந்து வந்துவிட்டது.

அப்பா தம்ளரை வாங்கி முகர்ந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து வாசுவை மடியில் இழுத்துக்கொண்டார்.

"வாயில பட்டுச்சாய்யா?"

"இல்லப்பா" என்று வாசு நாக்கை முழுசாக நீட்டிக் காட்டினான். அவனுக்குச் சிரப் போன கவலை மட்டும்தான்.

"என் கையாலயே கொடுத்திருப்பேனே" என்று அத்தை அழுதாள்.

கமலாவை யாரும் திட்டவில்லை. அப்பா அவள் தலையில் கை வைத்தார்.

"நானும்தான் அம்மா சீப்ப ஒளிச்சு வச்சிருக்கேன்" என்றார் மெதுவாக.

சாயங்காலம் கமலா போத்தலில் இருந்த சிரப் தாளை நனைத்து, துளிகூட விடாமல் சுரண்டி எடுத்தாள். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து துணியை எடுத்து வந்தாள். கடைசியாக ஒருமுறை முகர்ந்தாள். கொடுக்க மனமே இல்லை. ஆனாலும் அம்மா கட்டுவதுபோலவே போத்தலின் கழுத்தில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள்.

அப்பா அதை அலமாரி உச்சியில் வைத்தார். வாசு அண்ணாந்து பார்த்தான்.

"அக்கா, அது அம்மா துணிதானே?"

"ஆமாடா."

வாசு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"தொடமாட்டேம்மா" என்றான், மேலே பார்த்து.