அடித்தல் இல்லாத விடைத்தாள்

தேர்வு மண்டபத்தின் வாசலில் கைவெட்டியின் கத்திக்குக் கிருமிநாசினி தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே பெற்றோர்கள் நின்று பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்டார்கள், தண்ணீர்க் குப்பி கொடுத்தார்கள். யாரும் கத்தியைத் திரும்பிப் பார்க்கவில்லை. செவ்வாயின் செந்நகரில் பொதுத்தேர்வு என்றால் மேசை நாற்காலியோடு அதுவும் வந்து இறங்கும்.

"இன்னிக்காவது நாலு எடத்துல தப்பு பண்ணுடி," என்றாள் கஸ்தூரி, மகளின் சட்டைக் காலரை இழுத்துவிட்டபடி. "தப்பா எழுது. மேல ஒரே ஒரு கோடு போடு. பக்கத்துல சரியா எழுது. வேற எதுவும் நான் கேக்கல."

"வந்தா பண்றேம்மா," என்றாள் நிறைமதி.

"உனக்குத்தான் வராதே! அதானே எனக்குப் பயமா இருக்கு."

கஸ்தூரி பயந்ததில் நியாயம் இருந்தது. செந்நகரைக் கூரைபோல் மூடிக் காற்றைப் பிடித்துவைத்திருக்கும் கண்ணாடிக் குமிழைக் காப்பவர்களுக்கு அழுத்தக் காவலர் என்று பெயர். பள்ளி இறுதித் தேர்வில் முன்னால் வருகிறவர்களுக்கே அந்த வேலை. முன்பு ஒருவன் மணிக்கட்டில் கைச்சில்லு என்ற நுண்கருவியைப் பதித்துக்கொண்டு அந்தத் தேர்வை எழுதினான். சில்லுக்கு விடை தெரியும். கையைப் பிடித்து அதுவே எழுதிவிடும். அவன் காவலனான பிறகு ஒரு பகல் வேளையில் குமிழ் விரிசல் விட்டது. எந்த அடைப்பானை மூடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. கிழக்குப் பள்ளியின் பிள்ளைகள் மூக்கிலும் காதிலும் ரத்தம் வழிய, உட்கார்ந்த பெஞ்சிலேயே செத்தார்கள். ஊர் கொதித்தது. சில்லு வைத்தவர்கள் என்று சந்தேகப்பட்டவர்களையெல்லாம் தெருவில் இழுத்துப் போட்டு இரும்புக் குழாயால் கையை நசுக்கினார்கள். பிறகு அரசாங்கம் தலையிட்டு, அதே காரியத்தை ஒழுங்காகச் செய்வதற்கு ஒரு சட்டமும் ஒரு கத்தியும் கொண்டுவந்தது.

சில்லை எலும்புத் திசுவிலிருந்தே வளர்த்துப் பதித்தார்கள். எந்தக் கதிர்ப்படத்திலும் அது தெரியாது. ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. அது தப்பே செய்யாது. ஆகவே விடைத்தாளை முதலில் படிப்பது ஆசிரியர் அல்ல, பிழையறிவான் என்ற இயந்திரம். அது தேடுவது விடைகளை அல்ல, அடித்தல்களை. தவறான சொல்லின் மேல் ஒற்றைக் கோடு போட வேண்டும். அடித்த சொல் கோட்டுக்கு அடியில் படிக்கும்படி இருக்க வேண்டும். எழுத்தின் மேல் எழுத்து எழுதினாலும், கிறுக்கிக் கறுப்பாக்கினாலும் அது மறைப்புக் குற்றம். அடித்தலே இல்லாத விடைத்தாள் மனிதக் கை எழுதியதாகாது.

நிறைமதிக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு பழக்கம். வாக்கியம் முழுவதையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்த பிறகுதான் பேனாவைத் தாளில் வைப்பாள். வைத்தால் எடுக்க வேண்டியிருக்காது. தெருவில் மற்ற பிள்ளைகள் பிழைப் பயிற்சி வகுப்புக்குப் போனபோது, "தெரிஞ்சே தப்பா எழுதறதுக்கு ஒரு டியூஷனாம்மா?" என்று சிரித்துவிட்டாள்.

மண்டபத்துக்குள் முதல் கேள்வியே குமிழ் விரிசலைப் பற்றியது. அவளுக்கு மிகவும் பிடித்த பாடம். எந்த அடைப்பானை முதலில் மூட வேண்டும், ஏன், காற்று எந்தப் பக்கம் ஓடும் என்று எழுதிக்கொண்டே போனாள். அம்மா சொன்னது அடியோடு மறந்துபோயிற்று.

முன் வரிசையில் யாரோ வீறிட்டபோதுதான் தலைநிமிர்ந்தாள். அங்கே ஒருத்தி பதற்றத்தில் ஒரு சொல்லைக் கிறுக்கிக் கறுப்பாக்கியிருந்தாள். மண்டபத்தில் காவல் சுற்றிய இயந்திரமான காவற்பொறி அவள் விரல்களை மேசையோடு அழுத்திப் பிடித்து, தன் உலோக முஷ்டியை ஒரே முறை இறக்கியது. முருங்கைக்காய் ஒடிவதுபோல் சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணை வெளியே இழுத்துப்போனார்கள். மேசையைத் துடைத்தார்கள். மற்றவர்கள் குனிந்து எழுதினார்கள்.

நிறைமதி தன் தாள்களைப் புரட்டினாள். ஒரு கோடு கூட இல்லை. கடைசிப் பக்கத்தில் அவசரமாக 'மேற்கு' என்று எழுதினாள். அதன் மேல் நேர்க்கோடு ஒன்று போட்டு, பக்கத்தில் 'கிழக்கு' என்று எழுதினாள்.

உண்மையாகத் தவறியவனின் கை, தவறு தெரிந்ததும் ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்தில் மை கொஞ்சம் கூடுதலாக ஊறும். அவள் கோட்டில் அப்படி ஊறல் எதுவும் இல்லை. தாளை வாங்கிய பிழையறிவான் சங்கு ஊதியது. "போலிப் பிழை. மனிதக் கை அல்ல."

தேர்வு அலுவலர் தணிகாசலம் வேகமாக வந்தார். முரடர் அல்ல, களைத்த முகம்.

"வேணும்னே தப்பா எழுதினியாம்மா?"

"ஆமா சார். எனக்குத் தப்பே வரல. அதான்..."

"தப்பே வராம மனுஷன் எப்படிம்மா எழுதுவான்?"

"யோசிச்சிட்டு எழுதினேன் சார். வேணும்னா கேளுங்க, எல்லாத்தையும் இப்பவே சொல்றேன். எந்தக் கேள்வியும் கேளுங்க!"

"வாயால சொல்றதுக்கு விதியில எடமில்ல," என்றார் அவர், உண்மையிலேயே வருந்தியவரைப் போல.

காவற்பொறி அவள் தோளைப் பற்றியது. நிறைமதி திரும்பி, பேனாவை அதன் கண்ணாடிக் கண்ணில் முழுப் பலத்தோடு குத்தினாள். கண் உடைந்து எண்ணெய் பீறிட்டது. அது அவளை விட்டுவிட்டுச் சுவரில் மோதியது. அவள் வாசலுக்கு ஓடினாள். சங்கு கேட்ட கஸ்தூரி அதற்குள் தடுப்பைத் தாண்டி உள்ளே பாய்ந்திருந்தாள்.

"எம் பொண்ண விடுங்கடா! அவ கைல ஒண்ணுமில்லடா!"

இரண்டாவது பொறி கஸ்தூரியின் விலாவில் அறைந்தது. அவள் சுருண்டு விழுந்தாள். தாயைத் தூக்கக் குனிந்த மகளை அப்படியே பிடித்துக் கைவெட்டியில் பூட்டினார்கள்.

கத்தி இறங்கியது.

சட்டப்படி, எடுத்த கையை அங்கேயே பிளந்து சில்லைக் கைப்பற்ற வேண்டும். பிளந்தார்கள். மணிக்கட்டு எலும்பை உடைத்துப் பார்த்தார்கள், விரல் எலும்புகளை ஒவ்வொன்றாக உடைத்தார்கள். சில்லு இல்லை. தணிகாசலம் தன் அறிக்கையை எடுத்தார். 'சில்லு இருந்தது' என்று முன்னமே எழுதியிருந்தார். 'இருந்தது' என்பதன் மேல், சொல் படிக்கும்படியாக, ஒற்றைக் கோடு போட்டார். பக்கத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

தவறாக வெட்டப்பட்டவர்களுக்கு அரசு இலவசமாக நிவாரணக் கை கொடுத்தது. உலோகமும் செயற்கைத் தோலுமான அந்தக் கையில், தேர்வு எழுதுவதற்கென்றே ஏற்ற அளவில் பிழைகள் பதிவு செய்யப்பட்டிருந்தன. விடை தெரியுமா என்று அது கேட்கவில்லை. அதற்கே தெரிந்திருந்தது.

மறுதேர்வில் நிறைமதி சும்மா உட்கார்ந்திருந்தாள். கை எழுதியது. 'அழுத்தம்' என்பதை 'அழுதம்' என்று எழுதியது, ஒரு கணம் தயங்கியது, மை ஊறியது, அழகாக ஒரு கோடு போட்டது. அவள் அதைத் தடுக்க நினைத்தாள். வீட்டில் விலா தேறாமல் படுத்திருந்த அம்மாவை நினைத்து விட்டுவிட்டாள். பிழையறிவான் படித்து முடித்துச் சொன்னது: "மனிதக் கை. ஐயமில்லை."

அவள் முதலிடம் வந்தாள். அழுத்தக் காவலரானாள்.

அடுத்த தேர்வு நாளில் வேலைக்குப் போகும் வழியில் மண்டப வாசலைக் கடந்தாள். கூட்டம் நெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெரியநாயகி தன் மகள் அருவியின் தாடையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லா கேட்டுக்க. ஒரு கோடு, ஒரு புள்ளி விழக் கூடாது. அடித்தல் திருத்தல் இல்லாம எழுது. புரியுதா?"

நிறைமதி குறுக்கே வந்து நின்றாள். "என்னக்கா சொல்றீங்க? அப்படி எழுதினா கைய எடுத்துடுவாங்க!"

"எடுக்கட்டும்னுதானே சொல்றேன்! வெட்டிப் பாத்து ஒண்ணும் இல்லைன்னா புதுக் கை குடுக்குறாங்கல்ல? நாலு மாசமா வகுப்புக்கு அனுப்பி, தப்பே பண்ணாம எழுதப் பழக்கியிருக்கோம்."

"வேணாங்கா. எங்கம்மாவ வந்து பாருங்க. என்னையே பாருங்க. ராத்திரியெல்லாம் இல்லாத கை வலிக்குதுக்கா." நிறைமதி அருவியின் தோளைப் பற்றி இழுத்தாள். "வாடி, வீட்டுக்குப் போலாம்."

பெரியநாயகி அவளைப் பிடித்துத் தள்ளினாள். நிறைமதி தடுப்புக் கம்பியில் மோதி விழுந்தாள்; நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. சுற்றியிருந்த தாய்மார்கள் யாரும் தூக்கவில்லை.

"நீ மட்டும் முன்னுக்கு வந்தா போதுமா? எம் பொண்ணு வர வேணாமா?"

அருவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வலது கையை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

நிறைமதி எழுந்து கதவைத் தட்டினாள். உலோகக் கையால் கதவு நசுங்கும் வரை தட்டினாள். யாரும் திறக்கவில்லை. நேரம் போயிற்று. உள்ளே சங்கு ஊதியது. தொடர்ந்து அருவியின் அலறல் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

பெரியநாயகி கண்களை மூடி, நெஞ்சின் மேல் கைகளைக் குவித்தாள். கண்ணீர் வழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து மிட்டாய்ப் பெட்டியை எடுத்து, பக்கத்தில் நின்றவளிடம் முதலில் நீட்டினாள்.

"எடுத்துக்கங்க. எங்க பொண்ணு பாஸாயிட்டா."