சுடலைக்கண்ணு வைத்த சேனை

குழந்தையின் தொப்புளில் வைத்த பஞ்சு மறுபடியும் சிவந்துவிட்டது. நர்ஸ் பிலோமினா அதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுப் பஞ்சை அழுத்தினாள். பிறகு குடலில் சத்து ஊறுகிறதா என்று காட்டும் தோட்டமானியைப் பிள்ளையின் வயிற்றில் வைத்துப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிய வேண்டிய இடம் இருண்டே கிடந்தது.

"ரத்தம் உறைய மாட்டேங்கு செல்வி. உயிர்ச்சத்து கே துளிகூட இல்ல. தொப்புள்ல கசியுதது கண்ணுக்குத் தெரியுது. இதே மாதிரி தலைக்குள்ள கசிஞ்சா நம்மளால ஒண்ணும் செய்ய முடியாது."

செல்வி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். பிள்ளை பெற்ற ஈரம் காயாத உடம்பு. பயத்தில் அவளுக்கு வலிகூட மறந்துபோயிருந்தது.

உயிர்ச்சத்தைப் பற்றிக் கவலைப்பட அவள் தலைமுறையில் யாருக்கும் வேலை இருந்ததில்லை. குடல்தோட்டம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. நாக்கடியிலும் குடலிலும் குடியிருக்கும்படி ஆய்வுக்கூடத்தில் வளர்த்தெடுத்த நுண்ணுயிர்க் கூட்டம் அது. வெறும் மாவைத் தின்றால் போதும், ஏ முதல் கே வரை எல்லாச் சத்தையும் அது உள்ளேயே ஆக்கிப்போட்டுவிடும். மூன்று வேளையும் பரோட்டா தின்றவனுக்கும் கண் பளிச்சென்று தெரிந்தது. கீரை மாட்டுக்குப் போயிற்று. சத்து மாத்திரையும் ஊசியும் செய்த ஆலைகள் வாங்க ஆளில்லாமல் மூடிக்கொண்டன.

பிறந்த பிள்ளைக்கு இந்தத் தோட்டத்தைக் கொடுக்க நம்மவர்கள் புதிதாக எதையும் யோசிக்கவில்லை. இருக்கவே இருந்தது சேனை வைக்கும் வழக்கம். நல்லவர் ஒருவரை அழைத்துப் பிள்ளையின் நாக்கில் இனிப்புத் தண்ணீர் தொட்டு வைக்கச் சொல்வார்கள். வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. இப்போது அவர் கருப்பட்டித் தண்ணீரைக் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்து வடிகுவளையில் உமிழ வேண்டும். வேண்டாத கிருமிகளை எல்லாம் நிறுத்திவிட்டுக் குவளை தோட்டத்தை மட்டும் கீழே விடும்.

ஆரம்பத்தில் அரசாங்கம் பல வகைத் தோட்டங்களைக் கொடுத்தது. வீட்டுக்கு வீடு வேறு வேறாக இருந்தது. ஆனால் கலெக்டர் நம்பிராஜன் இருக்கும்போது கண்டவர் எச்சில் எதற்கு? சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் அவர் வாசலில் பிள்ளையோடு நின்றன. பெரியவர்கள்கூடத் தங்கள் தோட்டத்தைக் கழுவிவிட்டுக் கலெக்டர் தோட்டத்தை வாங்கிக்கொண்டார்கள். சத்துக்குச் சத்து, குணத்துக்குக் குணம் என்று கணக்கு.

போன மாதம் தோட்டத்தின்னி வந்தது. கலெக்டர் தோட்டத்தை மட்டும் தின்னும் வைரஸ். ஊர் மொத்தத்துக்கும் ஒன்றாகக் கருகியது. பல் ஈறில் ரத்தம் வடிய, கால் மரத்துப்போக, ஜனங்கள் மாட்டிடமிருந்து கீரையைப் பிடுங்கித் தின்றார்கள். பெரியவர்கள் தின்று சமாளிக்கலாம். பச்சைப்பிள்ளை என்ன செய்யும்?

"ஊசி எப்ப வரும் சிஸ்டர்?"

"கப்பல்ல வருதாம். ரெண்டு வாரம் ஆகும்." பிலோமினா குரலைத் தாழ்த்தினாள். "ஊர் பூரா அளந்து பாத்துட்டேன். ஒரே ஒருத்தருக்குத்தான் பச்சை எரியுது. ஒங்க பெரியத்தானுக்கு."

பெரியத்தான் என்றால் சுடலைக்கண்ணு, புருஷனுடைய அண்ணன். பூசாரியிடம் காரணம் கேட்பவர், மேலாளரிடம் கணக்குத் தப்பு என்பவர். எதிர்த்துப் பேசியே எந்த வேலையிலும் நிலைக்காதவர். பெண் கொடுக்கவும் எவரும் வரவில்லை. மூத்த மகள் பிறந்தபோது அவர் ஆசையாகக் கருப்பட்டியோடு வந்து நின்றார். "ஒங்க கொணம் எம்பிள்ளைக்கு வேண்டாம் அத்தான்" என்று சபையில் வைத்துச் சொன்னவள் செல்விதான். கருப்பட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் போனவர் அதன்பின் வாசல் மிதிக்கவில்லை.

"நான் போய்க் கேட்டா அண்ணன் தர மாட்டாவ" என்றான் அவள் புருஷன் பட்டமுத்து. "மொகத்துக்கு நேரா சொன்னது நீ."

செல்வி பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். வடிகுவளையோடு பிலோமினாவும் கூட ஏறிக்கொண்டாள்.

சுடலைக்கண்ணு ஊருக்கு வெளியே காற்றாலைக் காவலுக்கு இருந்தார். இரும்புக் கொட்டகை வாசலில் நின்றவர் அவளைப் பார்த்து நகரவில்லை.

"என்னத்துக்கு வந்த?"

"பிள்ளைக்குச் சேனை வைக்கணும் அத்தான்."

"கலெக்டர் வீட்டுக்கு வழி மறந்துட்டோ?"

செல்வி காற்றில் துணி விலகாமல் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"எனக்கு யாரு வச்சான்னு தெரியும்லா? வழியில நின்னுபோன பஸ்ஸுல பொறந்தவன் நான். பக்கத்துல இருந்த மீன்காரி வச்சா. பேருகூடத் தெரியாது. எதுத்துப் பேசுத புத்தி அவகிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு எங்கம்மையே ஏசுவா. அது இவனுக்கும் வந்துரும், பாத்துக்க."

"வரட்டும்" என்றாள் செல்வி. "உசிரோட இருந்து என்னைய எதுத்துப் பேசட்டும்."

அவர் கிட்ட வந்து துணியை விலக்கினார். பஞ்சு ஊறி, துணியிலும் சிவப்பு பரவியிருந்தது. கொட்டகைக்குள் டப்பாக்களை உருட்டித் தேடினார். கருப்பட்டி இல்லை. டீக்கு வைத்திருந்த சீனியைக் கரைத்து வாயில் ஊற்றிக்கொண்டார். வடிகுவளையின் அடியில் இறங்கியதை விரலால் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்தார்.

"ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்க. ஊரே ஒருத்தன்கிட்ட வாங்குனதாலதான் இந்த அழிவு. என்னையும் அப்படி ஆக்கிராதிய. மலைக்கு அந்தாண்ட வேற தோட்டம் இருக்கும். தேடச் சொல்லு."

செல்வி தலையாட்டினாள். அவள் கண்ணெல்லாம் பஞ்சில் இருந்தது. எத்தனை தடவை தூக்கிப் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் சிவப்பு. பொழுது சாயும் நேரத்தில் எடுத்த பஞ்சு வெள்ளையாக இருந்தது. பிலோமினா தோட்டமானியை வைத்தாள். மினுக்கென்று ஒரு பச்சை. செல்வி பிள்ளையைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காற்றாலையிலிருந்து தார்ச்சாலை வரைக்கும் வரிசை நின்றது. மூத்த மகளுக்கும் ஈறு வீங்கியிருந்ததால் அவளை இழுத்துக்கொண்டு செல்வியும் நின்றாள்.

"மலைக்கு அந்தாண்ட ஆள் போயிருக்கு" என்று பிலோமினா ஒவ்வொருவரிடமும் கெஞ்சினாள். "நாலஞ்சு வகை கெடைக்கும். கீரையைத் தின்னுட்டு ஒரு வாரம் பொறுங்க. ஆளுக்கொண்ணா வாங்கிக்கலாம்."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று யாரோ சிரித்தார்கள். நிறைமாதமாக நின்ற ஒருத்தி வயிற்றில் இருப்பதற்கும் இப்போதே சொல்லி வைத்துவிட்டாள். கலெக்டர் நம்பிராஜனே கம்பை ஊன்றிக்கொண்டு வந்து சுடலைக்கண்ணுவின் கழுத்தில் மாலை போட்டுவிட்டுக் குவளையை நீட்டினார். வாழ்நாளில் முதல் மாலை. சுடலைக்கண்ணு அதைக் கழற்றவே இல்லை.

செல்வியின் முறை வந்தது.

"அத்தான், நேத்து சொன்னியள்லா, ஒருத்தர்கிட்டயே வாங்கக் கூடாதுன்னு. இன்னைக்கு நீங்களே..."

அவர் வாயிலிருந்ததைக் குவளையில் உமிழ்ந்துவிட்டு மாலையைச் சரிசெய்துகொண்டார்.

"இனி ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் என் கொணம்லா? பெரிசானதும் எவனாவது ஒருத்தன் எந்திரிச்சு ஏன்னு கேப்பான்."

பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லி முண்டினார்கள். செல்வி மகளின் மோவாயைப் பிடித்து, வாயைத் திறக்கச் சொன்னாள்.