கதவை மூடிய தளபதி

பேசும் தலைக்கவசத்தை மேசைமேல் வைத்ததும் அரங்கண்ணல் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "தளபதி, அன்னிக்கு ஏன் கதவ மூடுனீங்க?"

'ஒன்பதாம் சுற்றுப்பாதை' படத்தின் கடைசிக் காட்சி அது. தோழன் விண்கலத்துக்கு வெளியே தொங்கிக்கொண்டிருப்பான். தளபதி நிவேரா கதவை மூடிவிடுவாள். கலத்தைக் காப்பாற்றவா, தன் உயிருக்குப் பயந்தா? படம் கடைசிவரை சொல்லாது. நல்லவேளை, சொல்லவில்லை. அரங்கண்ணலுக்கு இருந்த ஒரே சிநேகிதன் ஜெரால்டு, ஞாயிறுதோறும் பெரம்பூரில் அவர் வீட்டுக்கு வந்ததே அதைப்பற்றிச் சண்டை போடத்தான்.

இருவருக்கும் பொதுவாக ஒரு கவசம் இருந்தது. பழைய பைக் ஹெல்மெட்டில் எம்சீல் ஒட்டி, வெள்ளி பெயின்ட் அடித்து ஜெரால்டு செய்த, நிவேராவின் கவசத்தின் நகல். வாதத்தில் ஜெயித்தவன் வீட்டில் அது அந்த வாரம் இருக்கும். தோற்றவன் அதை மீட்க அடுத்த வாரம் மறுபடி வாதாடியே தீர வேண்டும்.

அதற்குள் இந்த மனவார்ப்பி வந்து தொலைத்தது. ஒரு படத்தைக் கரைத்துக் குடித்து, பாத்திரத்தின் மனத்தை அப்படியே வார்த்து, கடையில் விற்கும் புதுக் கவசம் ஒன்றுக்குள் பேச வைக்கும் கருவி.

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கவசம் நிவேராவின் குரலில் திருப்பிக் கேட்டது.

"கலத்துல இருந்தவங்களக் காப்பாத்தத்தான்!"

"ஆமாம். அதற்காகத்தான் மூடினேன்."

அரங்கண்ணல் துள்ளிக் குதித்து ஜெரால்டுக்குப் போன் போட்டார். மறுமுனையில் ஒரே சிரிப்பு. "டேய், நானும் ஒண்ணு வாங்கிட்டேன்டா! உயிருக்குப் பயந்துதான் மூடுனேன்னு அவளே ஒத்துக்கிட்டா. போடா போ!"

ஆக, இருவரும் ஜெயித்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு ஜெரால்டு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அரங்கண்ணல் இரண்டு டம்ளர் டீ போட்டு, இரண்டையும் தானே குடித்தார். வீட்டின் தனிமை அவரைத் தின்றது. மாதம் ஒன்று போனதும் பொறுக்க முடியாமல், பைக் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு ஜெரால்டு வீட்டுக்கே போனார்.

கதவு பாதி திறந்தது. ஜெரால்டின் தலையில் புதுக் கவசம்.

"இந்தாடா. நீ ஜெயிச்சதாவே வச்சுக்கோ. நான் தோத்துட்டேன்."

"எதுக்குடா இது? எங்கிட்டதான் அவளே இருக்காளே." ஜெரால்டு ஒரு கணம் ஹெல்மெட்டைப் பார்த்தார். அதன் ஓரத்தில் பெயின்ட் உரிந்த இடத்தைத் தடவினார். அவர் முகத்தில் இருந்தது வருத்தமா, சலிப்பா என்று அரங்கண்ணலுக்குப் பிடிபடவில்லை. "அப்புறம் பாப்போம்டா" என்று மெதுவாகக் கதவை மூடினார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அரங்கண்ணல் தன் கவசத்திடம் கேட்டார். "அவன் ஏன் கதவ மூடுனான்?"

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

அரங்கண்ணல் வாயைத் திறந்தார். எதைச் சொன்னாலும் அது ஆமாம் என்றுவிடும். பயமாக இருந்தது. பேசாமல் வாயை மூடிக்கொண்டார்.